வெப்பத்தைச் சுமக்கும் சிறுகுழாய்

உழைக்கும் பொருள் யாதாயினும் அது வெப்பத்தை ஈனும். ஓடிவந்த குதிரையின் உடல் வெதும்புகிறது. சுழன்ற சக்கரத்தின் அச்சுச் சுடுகிறது. மின்சாரம் பாய்ந்த கம்பி காய்கிறது. இவ்வாறு தோன்றும் வெப்பம் பரந்து செல்ல இடமிருப்பின் தீங்கில்லை. அஃது ஒரு சிற்றிடத்தில் அடைபட்டு நிற்குமாயின், தான் பிறந்த இடத்தையே கெடுத்துவிடும். கணிப்பொறியின் உள்ளே விரல் நகத்தளவினதாய் அமைந்த சில்லு ஒன்று பல கோடி நுண்ணிய மின் வாயில்களைத் தன்னகத்தே கொண்டு இயங்குகிறது. அதன்கண் பிறக்கும் வெப்பத்தை அவ்வப்போது அகற்றாவிடின், அதன் செயல் தளரும். பின்னர் அடியோடு நின்றுபோகும். வானில் சுற்றும் சிறு துணைக்கோளின் நிலையோ இதனினும் இடர் மிக்கது. அங்கே வீசுதற்குக் காற்றும் இல்லை. கருவியில் எழுந்த வெப்பத்தைத் துணைக்கோளின் புறத்தகட்டுக்குக் கொண்டு சேர்த்து, அங்கிருந்து வெட்டவெளியிற் கதிர்வீசச் செய்தலே வழி.

வெப்பம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லும் வழிகள் கடத்தல், சலனம், கதிர்வீசல் என மூன்று என்பதை மாணவர் அறிவர். உலோகங்கள் வெப்பத்தை நன்கு கடத்துவன. அவற்றுள்ளும் செம்பு சிறந்தது. ஆயின், செப்புக்கோல் ஒன்றை வைத்துவிட்டால் நம் தொல்லை தீர்ந்துவிடுமோ? கணக்கிட்டுப் பார்ப்போம். 6 மில்லிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உடைய செப்புக்கோல் ஒன்றின் வழியே 40 வாட் வெப்பம் செல்லவேண்டும் என்று கொள்க. அவ்வளவு வெப்பம் அதனூடு செல்வதற்கு, அதன் ஒரு முனை மற்றொரு முனையைக் காட்டிலும் ஏறத்தாழ 530 பாகை மிகுதியாகச் சூடேறியிருத்தல் வேண்டும். சில்லோ 100 பாகையைத் தாங்குவதே அரிது. எனவே, செம்பு எத்துணைச் சிறந்ததாயினும் அது மட்டும் இப்பணிக்குப் போதாது என்பது தெளிவு.

இவ்விடத்திலேதான் வெப்பக் குழாய் என்னும் எளிய கருவி நமக்குத் துணை செய்கிறது. அஃது இரு முனையும் அடைக்கப்பட்ட ஓர் உலோகக் குழாய். அதனுள் உள்ள காற்றை முற்றிலும் வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு நீரையோ வேறு நீர்மத்தையோ இட்டு மூடிவிடுவர். குழாயின் உட்சுவரை ஒட்டி, நுண்துளைகள் நிறைந்த திரி ஒன்று அமைந்திருக்கும். அவ்வளவே. அதனுள் சுழலும் பொறி இல்லை, மின்சாரமும் வேண்டுவதில்லை, தேய்ந்து போகும் உறுப்பும் இல்லை.

அது செயற்படும் முறையைக் காண்போம். குழாயின் ஒரு முனை சூடான கருவியின்மேல் பொருந்தியிருக்கிறது. அங்கே திரியில் ஊறிநிற்கும் நீர் வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. அந்த ஆவி குழாயின் நடுவேயுள்ள வெற்றிடத்தின் வழியாகக் குளிர்ந்த மறுமுனைக்கு விரைகிறது. அங்கே தான் கொண்டுவந்த வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகிறது. அந்நீரைத் திரி உறிஞ்சி, முன்னிருந்த சூடான முனைக்கே திருப்பிக் கொணர்கிறது. கடல்நீர் முகிலாய் எழுந்து, மழையாய்ப் பொழிந்து, ஆறாய் ஓடி மீண்டும் கடலையே அடைவதைப் போன்றது இச்சுழற்சி.

ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் நீர் 100 பாகையில் ஆவியாக மாறுவதற்கு ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். இவ்வாறு வெப்பநிலை உயராமலே நீர் தன்னுள் மறைத்துக்கொள்ளும் வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பர். இம்மறைபொருளே வெப்பக் குழாயின் செல்வமாகும். மேலே நாம் கண்ட 40 வாட் வெப்பத்தைச் சுமக்க, நிமிடத்திற்கு ஒரு கிராம் நீர் ஆவியாகிச் சென்று திரும்பினாற் போதும். இரு முனைகளுக்கும் இடையே சில பாகை வேறுபாடே இருக்கும்.

நீர் 100 பாகையிலன்றோ கொதிக்கும். சில்லு அதற்குமுன் கெட்டுவிடாதோ என்று மாணவர் ஐயுறலாம். திறந்த கலத்தில், கடல்மட்டத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலையே 100 பாகை. அழுத்தம் குறையக் குறைய அந்நிலையும் தாழும். காற்றழுத்தத்தின் இருபத்து நான்கில் ஒரு பங்கே அழுத்தம் இருப்பின் நீர் 30 பாகையிலேயே கொதிக்கும். காற்றகற்றிய குழாயினுள் நீரின் ஆவி மட்டுமே இருத்தலின், இளஞ்சூட்டிலும் அது தன் தொழிலைத் தொடங்கிவிடும்.

இனித் திரியின் பெருமையைக் காண்போம். அகல் விளக்கில் இட்ட பஞ்சுத்திரி கீழுள்ள எண்ணெயைத் தானே மேலேற்றிச் சுடருக்கு ஊட்டுகிறது. மிக நுண்ணிய துளைகளில் நீர்மம் தானே ஏறும் இயல்புடையது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். நீர்மத்தின் பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் விறைத்து நிற்பதே இதற்குக் காரணம். விளக்கின் எண்ணெய் எரிந்து தீர்ந்துபோம். வெப்பக் குழாயின் நீரோ தீர்வதில்லை. நன்றாக அமைத்து மூடிய குழாயில் ஒருமுறை இட்ட சில துளி நீர் பல ஆண்டுகள் ஓயாது உழைக்கும்.

இக்கருவியின் வரலாறும் கருதத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெர்க்கின்சு குடும்பத்தார், நீரிட்டு மூடிய இரும்புக் குழாய்களை ரொட்டி சுடும் அடுப்புகளுக்கு வெப்பம் கொண்டுசெல்லப் பயன்படுத்தினர். அவற்றில் திரி இல்லை. குளிர்ந்த நீர் தன் எடையால் கீழிறங்கும். அமெரிக்க நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்டு காக்ளர் என்பார், திரியமைந்த குழாய்க்கு 1942-இல் காப்புரிமை வேண்டி, 1944-இல் அதனைப் பெற்றார். ஆயினும், அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1963-இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்னும் அறிஞர் தாமே இதனை மீண்டும் கண்டு, வெப்பக் குழாய் என்னும் பெயரையும் சூட்டினார். 1964-இல் அவரும் காட்டர், எரிக்சன் ஆகியோரும் தம் ஆய்வை வெளியிட்டனர். 1967-இல் நீரிட்ட வெப்பக் குழாய் ஒன்று புவியைச் சுற்றும் கலத்தில் ஏற்றிச் சோதிக்கப்பட்டது. கருத்து நல்லதாயினும் காலம் கனியும்வரை அது காத்திருக்கவேண்டும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

வெப்பக் குழாய்கள் பேருருவிலும் உள. அலாஸ்காவில் 1977-இல் முடிவுற்ற எண்ணெய்க் குழாய்ப்பாதை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுடையது. உறைபனி நிலத்தில் நாட்டப்பெற்ற அதன் தாங்குதூண்களில் ஏறத்தாழ 1,24,000 வெப்பக் குழாய்கள் பொருத்தப்பட்டன. அவற்றினுள் உள்ள அம்மோனியா, குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை மேலே கொணர்ந்து குளிர்காற்றில் விட்டுவிடுகிறது. அதனால் நிலம் உருகாது உறைந்தே நிற்க, தூண்களும் சாயாது நிற்கின்றன. அங்கே நீர்மம் தன் எடையால் இறங்கிவிடுவதால் திரி வேண்டுவதில்லை. எடையே அற்ற வானவெளியிலும், எப்பக்கமும் கவிழ்த்துப் பிடிக்கும் சிறு கருவிகளிலும் திரியின்றி யாதும் நடவாது.

அத்திரியை அமைப்பதுதான் சிறு குழாய்களில் அருமையான வேலை. வழக்கமான முறை இது: செப்புக் குழாயின் நடுவே ஒரு கம்பியை நிறுத்துவர், கம்பிக்கும் சுவருக்கும் இடையில் செப்புத்தூளைக் கொட்டுவர், உலையிலிட்டுத் தூள்மணிகள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டும் வரை சூடேற்றுவர், பிறகு கம்பியை உருவிவிடுவர். இம்முறையால் நேரான குழாய்கள் எண்ணிறந்தன மலிவாகச் செய்யப்படுகின்றன. ஆனால், அவற்றை வளைத்தால் உள்ளிருக்கும் திரி நெரியலாம். தட்டையாக்கினால் ஆவி செல்லும் வழி குறுகும். செய்த குழாயைக் கருவியோடு பற்றாசு வைத்துப் பொருத்தும் இடத்திலும் வெப்பத்திற்குச் சிறு தடை உண்டாகிறது. இடம் மிகக் குறுகியதாய், உருவம் மிகக் கோணலாய் இருக்கும்போது இம்முறை கைவிட்டுவிடும்.

பொருள்களை உருவாக்கும் வழிகள் பல. சிற்பி கல்லில் வேண்டாதவற்றை நீக்கிச் சிலையைச் சமைக்கிறான், அது கழித்தல். கன்னான் உருக்கிய உலோகத்தைக் கருவில் ஊற்றுகிறான்; அது வார்த்தல். கறையானோ மண்துகளை ஒவ்வொன்றாகக் கொணர்ந்து வைத்து, உள்ளே நூறு வழிகளுடைய புற்றை எழுப்புகிறது, அது கூட்டல். கழித்தலாலும் வார்த்தலாலும் எளிதில் அமைக்க முடியாத உள்வழிகளைக் கூட்டலால் அமைத்தல் கூடும். இக்காலத்தில் உலோகப் பொருள்களையும் இம்முறையால் செய்கின்றனர். இதனை அடுக்குமுறை ஆக்கம் என்று கூறலாம். முப்பரிமாண அச்சு என்பது மக்கள் வழக்கு.

இம்முறைக்கு உலோகத்தூளே மூலப்பொருள். அதன் மணிகள் பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரான் வரை விட்டமுடையவை. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான் ஆகும். ஆர்கான் முதலிய மந்த வாயு நிறைந்த பெட்டியுள், ஒரு மேடையின்மீது இத்தூளை மெல்லிய படலமாகப் பரப்புவர். கணிப்பொறியிலுள்ள வரைபடத்தின்படி லேசர் ஒளிக்கற்றை அப்படலத்தின்மேல் ஓடி, வேண்டிய இடங்களை மட்டும் உருக்கும். உருகிய இடம் உடனே இறுகும். பின்னர் மேடை சற்றே தாழும். மீண்டும் தூள் பரப்பப்படும். மீண்டும் ஒளி ஓடும். ஓர் அடுக்கு 30 மைக்ரான் என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 3,300 அடுக்குகளுக்கு மேல் வேண்டும். தூளை லேசரால் இணைக்கும் வழியை 1980-ஆம் ஆண்டுகளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கர்டு என்பார் தாம் மாணவராய் இருந்த காலத்திலேயே வகுக்கத் தொடங்கினார். உலோகத்தூளை முற்றிலும் உருக்கி இறுக்கும் முறை 1990-ஆம் ஆண்டுகளின் நடுவில் ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தில் உருப்பெற்றது.

இம்முறையால் வெப்பக் குழாயின் சுவரையும் திரியையும் ஒருங்கே, ஒரே பொருளாக எழுப்பலாம். சுவர் அமையவேண்டிய இடத்தில் தூளை நன்கு உருக்குவர். திரி அமையவேண்டிய இடத்தில் மூன்று வழிகளுள் ஒன்றைக் கையாள்வர். நுண்ணிய கம்பிகளைப் பின்னினாற் போன்ற கட்டமைப்பை அடுக்கடுக்காக எழுப்புவது ஒன்று. லேசர் ஓடும் வரிகளை விலக்கி ஓட்டி, இடையிடையே துளைகள் எஞ்சுமாறு செய்வது மற்றொன்று. உட்சுவரில் குறுகிய வரிப்பள்ளங்களை அமைப்பது பிறிதொன்று. மிகச் சிறிய குழாயில் தனித்திரியே வேண்டா. அதன் கூரிய உள்மூலைகளே நீரை இழுத்துச் செல்லும் என்பதைக் காட்டர் 1984-இல் எடுத்துரைத்தார்.

இனி, திரியின் துளை எவ்வளவு நுண்ணியதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினா எழுகிறது. இதற்கு விடை காண்பதிலேயே செய்வோனின் அறிவு சோதிக்கப்படுகிறது. 50 மைக்ரான் ஆரமுள்ள துளை நீரை ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரம் ஏற்றவல்லது. 500 மைக்ரான் ஆரமுள்ளதோ ஏறத்தாழ 3 சென்டிமீட்டரே ஏற்றும். ஆகவே, துளை சிறுத்தல் நன்று என்று தோன்றும். ஆயின், துளை சிறுக்குந்தோறும் நீர் செல்வதற்குத் தடையும் பெருகும். துளையின் ஆரத்தைப் பாதியாக்கினால் இழுக்கும் ஆற்றல் இருமடங்காகும். தடையோ நான்கு மடங்காகும். எனவே, கிடையாக வைத்த குழாயில் வந்துசேரும் நீர் பாதியாகக் குறைந்துவிடும். ஆவியாகும் நீருக்கு ஈடாகப் புதுநீர் வந்து சேராவிடின் சூடான முனை வறண்டுபோகும். எண்ணெய் வற்றிய விளக்கில் திரியே கருகுவது போல, வறண்ட குழாயால் கருவியே கெடும். வலிமை மட்டும் போதாது. வழியும் வேண்டும் என்பதே இதன் பாடம். அடுக்குமுறையில் ஒரே குழாயினுள், வெப்ப முனையில் நுண்துளைகளையும் இடைவழியில் பெருந்துளைகளையும் அமைத்தல் இயலும். இழுக்கும் இடத்தில் வலிமையும், செல்லும் இடத்தில் எளிமையும் இவ்வாறு ஒன்றுகூடுகின்றன.

குற்றமே குணமாகும் இடமும் இங்கு உண்டு. இம்முறையிற் செய்த பொருளின் மேற்பரப்பில் அரைகுறையாக உருகிய தூள்மணிகள் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக நிற்கும். ஏனைய பொருள்களில் இதனைத் தேய்த்து நீக்குவர். வெப்பக் குழாயின் உட்சுவரிலோ அச்சொரசொரப்பு நீரைப் பற்றிப் பரப்புதற்கு உதவுகிறது.

ஆயினும், இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. உருகாத தூள் குழாயினுள்ளே அடைந்துகிடக்கும். அதிர்வித்தும் காற்றை ஊதியும் அதனை வெளியேற்றவேண்டும். குழாய் நீண்டு, குறுகி, வளைந்திருப்பின் தூள் வாராது. உள்ளே நின்ற தூள் ஆவியின் வழியை அடைக்கும். எனவே, குழாயை வரையும்போதே தூள் வெளியேறும் வாயிலையும் எண்ணி வரைதல் வேண்டும். லேசரின் ஆற்றல் குன்றினும் மிகினும் சுவரினுள் நுண்துளைகள் உண்டாகும். திரிக்கு உயிராகிய துளை சுவருக்கு நஞ்சாகும். சுவர்த்துளை வழியே காற்று உட்புகுந்தால் அது குளிர்ந்த முனையில் தங்கி ஆவியை அண்டவொட்டாது தடுக்கும். அதுபற்றியே, முடிந்த குழாயை ஹீலியம் வாயுவைக் கொண்டு கசிவு பார்க்கின்றனர்.

உலோகமும் நீர்மமும் ஒத்த நண்பர்களாய் இருத்தலும் இன்றியமையாதது. செம்பும் நீரும் ஒத்துவாழும். அலுமினியமும் நீரும் ஒவ்வா. அவை கூடினால் ஹைட்ரஜன் வாயு பிறந்து குழாயைப் பயனற்றதாக்கும். ஆதலின், அலுமினியக் குழாய்க்கு அம்மோனியாவை இடுவர். செம்பு நீரோடு ஒத்ததாயினும், லேசர் முறைக்கு எளிதில் வசப்படுவதன்று. வழக்கமாகப் பயன்படும் அகச்சிவப்பு லேசரின் ஒளியைச் செம்பு பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். ஏற்ற வெப்பத்தையும் விரைந்து பரப்பிவிடும். நல்ல கடத்தி என்னும் அதன் சிறப்பே இங்குத் தடையாகிறது. இத்தடையைக் கடக்கப் பச்சை நிற லேசரைப் பயன்படுத்துகின்றனர். அவ்வொளியைச் செம்பு மிகுதியாக ஏற்கும்.

இத்துறையில் ஆராய்ச்சிகள் தொடர்ந்து நிகழ்கின்றன. இங்கிலாந்தில் நார்தம்பிரியா, லிவர்பூல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறிஞர்கள், திரியும் சுவரும் ஒன்றாய் அமைந்த அலுமினியக் குழாயை லேசர் முறையால் ஆக்கி, அம்மோனியாவை இட்டுச் சோதித்து, 2013-இல் அதன் செய்தியை வெளியிட்டனர். நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தார் இவ்வாறு அச்சிட்ட உலோகத்திரிகள் நீர்மத்தை எவ்வளவு திறம்பட இழுக்கின்றன என்பதை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர்.

இவ்வளவும் கேட்டபின், இனி எல்லா வெப்பக் குழாய்களும் இம்முறையிலேயே செய்யப்படும் என்று எண்ணிவிடலாகாது. மடிக்கணினியில் உள்ளது போன்ற எளிய குழாயைப் பழைய முறையே விரைவாகவும் மலிவாகவும் தரும். அடுக்குமுறையோ மெதுவானது, செலவு மிக்கது. ஓர் உறுப்பின் சுவருக்குள்ளேயே குழாய் வளைந்து செல்லவேண்டும்போதும், ஒட்டும் பொருத்தும் இன்றி ஒரே உடலாய் அமையவேண்டும்போதும், சிறு துணைக்கோளில் இடமும் எடையும் மிகச் சுருங்கவேண்டும்போதும் அதன் அருமை விளங்கும். புதியது என்பதற்காகக் கொள்ளுதலும் பழையது என்பதற்காகத் தள்ளுதலும் அறிவுடைமை ஆகா. பணிக்கு ஏற்ற கருவியைத் தேர்தலே அறிவுடைமை.

மாணவர்களே! வெப்பக் குழாயில் நாம் காண்பன யாவை? விளக்குத்திரி ஏற்றும் எண்ணெயும், மூடியில் வியர்க்கும் நீராவியும் போன்ற அன்றாடக் காட்சிகளே அதன் உயிர்நிலை. கோடி மக்கள் அவற்றைக் கண்டனர். சிலரே அவற்றை இணைத்து எண்ணினர். மயிரிழையினும் மெல்லிய அடுக்குகளைப் பொறுமையோடு அடுக்கி எழுப்பும் குழாயினுள், இறுதியில் பயன்படுவது உலோகம் மட்டுமன்று. உலோகத்திடையே விட்டுவைத்த வெற்றிடமும் ஆகும். எதனை நிரப்புவது, எதனை வெறுமையாய் விடுவது என்று அறிந்து செய்பவனே கைதேர்ந்த தொழிலாளி. கண்டதை எண்ணிப் பாருங்கள். எண்ணியதை அளந்து பாருங்கள். அளந்ததைச் செய்து பாருங்கள். அறிவியல் வளரும் வழி அதுவே.

பயிற்சி

1. செப்புக்கோலைக் காட்டிலும் வெப்பக் குழாய் சிறந்து விளங்குவதற்குக் காரணம் யாது?
2. வெப்பக் குழாயினுள் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாவது எங்ஙனம்?
3. திரியின் துளையை மேன்மேலும் சிறிதாக்குவதால் விளையும் நன்மை தீமைகளை எழுதுக.
4. "திரிக்கு உயிராகிய துளை சுவருக்கு நஞ்சாகும்" என்பதனை விளக்குக.
5. கழித்தல், வார்த்தல், கூட்டல் ஆகிய மூன்று முறைகளாலும் செய்யப்படும் பொருள்கள் சிலவற்றை உம் ஊரில் கண்டு எழுதுக.